சாலைச் சாவு தலையெழுத்து அல்ல



குடும்ப நலம் என்றதும் அளவான குடும்பம், தடுப்பூசி, சத்துணவு இவைதாம் நம் நினைவுக்கு வரும். எல்லாம் சரிதான். ஆனால் ஊசி போட்டு, பாலூட்டி, கண்ணுக்குள் வைத்து வளர்த்த பிள்ளை ஒரு நாள் ரோட்டைத் தாண்டப் போய்த் திரும்பி வராவிட்டால்? சம்பாதிக்கப் போன கணவர் இடுப்பொடிந்து படுக்கையில் விழுந்துவிட்டால்? "எல்லாம் தலையெழுத்துங்க" என்று சொல்லி அழுகிறோம். தலையெழுத்துத்தானா என்று பார்ப்பதற்காக, இன்றைக்கு ஐரோப்பா நாடுகளின் கதையைச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

பிரான்ஸ் நாட்டில் 1972ஆம் ஆண்டு மட்டும் 16,000க்கு மேற்பட்டவர்கள் சாலை விபத்தில் மாண்டார்கள். அந்நாட்டின் தெற்கே மசாமெட் என்று ஒரு சிற்றூர். அதன் ஜனத்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1973 மே 17ஆம் தேதி அந்த ஊர் ஜனங்கள் வீதிக்கு வந்து, செத்தவர்கள் போலத் தரையில் படுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துச் சாவு என்றால் ஒரு ஊரே காலி என்று நாட்டுக்குக் காட்டினார்கள். அந்தக் கோடையிலேயே ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் வேக வரம்பு வந்தது; காரின் முன் சீட்டில் பெல்ட் கட்டுவது கட்டாயமானது. அதற்குப் பிறகு வண்டிகள் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டன. ஆனாலும் 2023இல் அங்கே இறந்தவர்கள் 3,500க்கும் குறைவு. தலையெழுத்தாக இருந்தால் இது மாறியிருக்குமா, சொல்லுங்கள்?

நெதர்லாந்து என்று ஒரு சின்ன நாடு. 1971இல் அங்கே 3,000க்கு மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள். அதில் 400க்கு மேல் குழந்தைகள். பெற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்று தெருவில் இறங்கினார்கள். சர்க்கார் காது கொடுத்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டார்கள். குடியிருப்புத் தெருக்களில் வண்டிகள் மெல்லத்தான் போக முடியும் என்கிற மாதிரி தெருவையே மாற்றி அமைத்தார்கள். இப்போது அங்கே ஆண்டுச் சாவு 700 அளவில் நிற்கிறது.

ஸ்வீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997இல் ஒரு கொள்கையை ஏற்றது. சாலையில் ஒரு உயிர்கூடப் போகக் கூடாது, பூஜ்யம்தான் இலக்கு என்றார்கள். மனுஷன் என்றால் தவறு செய்வான். அந்தத் தவறுக்குத் தண்டனை மரணமாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ஆகவே எதிரெதிரே வண்டிகள் மோதுகிற நெடுஞ்சாலைகளின் நடுவே இரும்புக் கம்பித் தடுப்பு கட்டினார்கள். கண் அசந்த ஓட்டுநரின் வண்டி கம்பியில் உரசும். எதிரே வருகிற குடும்பத்தின் மேல் மோதாது.

இன்று ஐரோப்பிய யூனியன் நாடுகள் எதற்கு முதலிடம் தருகின்றன?

முதலாவது, வேகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற கார், குறுக்கே குழந்தையைக் கண்டால் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50இல் வருகிற காரோ அந்த இடத்தில்தான் பிரேக் பிடிக்கவே ஆரம்பிக்கும்! ஓட்டுபவர் பார்த்து, காலை எடுத்து வைப்பதற்குள் அவ்வளவு தூரம் ஓடிவிடுகிறது. 20 கிலோமீட்டர் வித்தியாசம்தான். ஒரு உயிரின் விலை அது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் 30தான் வரம்பு. 2024 ஜூலை முதல் ஓராண்டுக் காலம் அந்த நகரில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

இரண்டாவது, சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டும். மூன்றாவது, குடி. குடித்துவிட்டு வண்டி எடுத்தால் கடும் தண்டனை. ஹங்கேரி, செக் போன்ற சில நாடுகளில் ஒரு சொட்டுக்கும் இடமில்லை. நான்காவது, தவறைப் பொறுத்துக்கொள்ளும் சாலை. அதிலும் நடப்பவர், சைக்கிளில் போகிறவர், இரு சக்கர வண்டிக்காரர் இவர்களுக்கே முதல் கவனம். நகரங்களில் சாகிறவர்களில் 10க்கு 7 பேர் இவர்கள்தாம். ஐந்தாவது, அடிபட்டவருக்கு உடனடி உதவி. 2018 முதல் அங்கே வருகிற புதுக் கார் மாடல்கள், பலமாக மோதினால் தாமே அவசர உதவிக்குப் போன் செய்துவிடும்.

பலன் என்ன? இப்போது யூனியனில் இருக்கும் 27 நாடுகளில் 2001இல் சுமார் 51,000 பேர் இறந்தார்கள். 2023இல் சுமார் 20,000. வேலை முடிந்துவிடவில்லை. ஒருவர் இறந்தால் ஏறக்குறைய ஐந்து பேர் பலத்த காயம் அடைகிறார்கள். 2019இல் இருந்ததை 2030க்குள் பாதியாக்க வேண்டும், 2050க்குள் பூஜ்யத்தை நெருங்க வேண்டும் என்பது அவர்கள் குறி. அண்மை ஆண்டுகளில் குறைவது மெதுவாகிவிட்டதால், இன்னும் முனைப்பாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் நமக்கு எதற்குச் சொல்கிறேன்? இவற்றில் சில காரியங்கள் சர்க்காரால் ஆகிறவை. சில நம் வாசற்படியிலேயே ஆகிறவை. வீட்டுக்காரர் வண்டியை எடுக்கும்போது, "ஏங்க, ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேளுங்கள் அம்மா. கேட்டால் கோபப்படாதீர்கள் ஐயா, அது அக்கறை. பின்னால் உட்காருகிற மனைவிக்கும் ஒரு ஹெல்மெட் வாங்குங்கள். அவர் தலையும் தலைதானே? குடித்திருந்தால் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்து ரோட்டில் வண்டிகள் பறந்தால், கணவனும் மனைவியுமாகக் கிராம சபையில் எழுந்து நின்று வேகத் தடை கேளுங்கள். நெதர்லாந்தில் தொடங்கியதும் உங்களைப் போன்ற தாய் தகப்பன்மார்தாம்.

பெற்ற பிள்ளை மாலையில் வீடு திரும்புவதும் குடும்ப நலம்தான். இன்று இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, இருவரும் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசுங்கள்.