தக்கவரும் வெல்பவரும்

(மோதி பாக்கில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் கட்சி அரசியல் பேசலாகாது என்பது நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். அதை மீறும் எண்ணம் நமக்கு இல்லை. ஆயினும் தேர்தலைப் பற்றிப் பேச வேண்டிய கடமை இன்று நமக்கு நேர்ந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம் செயற்குழுவுக்குத் தேர்தல் நடைபெறவிருக்கிறது. வேட்புமனுத் தாள்கள் வாயிலருகே மேசையின் மீது இருக்கின்றன. அவற்றில் யார் பெயரை எழுதுவது என்னும் சிந்தனையோடுதான் நம்மில் பலர் இங்கே அமர்ந்திருக்கிறோம்.

சென்ற தேர்தலின்போது நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். செயலாளர் பதவிக்கு யாரை முன்மொழிவது என்று நாம் சிலர் கூடிப் பேசினோம். முதலில் ஓர் அம்மையாரின் பெயர் வந்தது. குளிரென்றும் வெயிலென்றும் பாராமல் சனிக்கிழமைதோறும் தம் வீட்டு முன்னறையில் நம் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிப்பவர் அவர். குடிநீர் வாராவிட்டால் அலுவலகத்துக்கு நேரே சென்று நல்ல இந்தியில் வாதாடி, வேலையை முடித்துக்கொண்டு திரும்புபவர். அவருடைய தகுதியைப் பற்றி ஒருவருக்கும் ஐயம் இல்லை. "ஆனால் வாக்கு விழுமா?" என்று ஒருவர் கேட்டார். "டைப் டூ குவார்ட்டர்ஸில் இருக்கிறார், பெரிய வீட்டுக்காரர்கள் ஏற்பார்களா?" என்றார் மற்றொருவர். "பெண் ஒருவர் செயலாளராவதை நமக்குள் மூத்தவர்கள் விரும்ப மாட்டார்கள்" என்றார் வேறொருவர். முடிவில் எல்லோருக்கும் இனியவரான ஓர் அன்பரை நிறுத்தினோம்; அவர் எளிதில் வென்றார். ஆறு திங்களில் அவருக்கு வெளியூர் மாற்றல் வந்தது. பொறுப்பேற்பார் இன்றிப் பணிகள் தேங்கின. தமிழ் வகுப்புக்கு ஒரு பொது அறை கேட்டு எழுத வேண்டிய விண்ணப்பமும் எழுதப்படவில்லை. இருபத்தெட்டுக் குழந்தைகள் பயின்ற வகுப்பில் இன்று பதினொருவரே பயில்கின்றனர்.

பின்னர் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டபோது வியப்பான உண்மை ஒன்று வெளிப்பட்டது. அவர் நின்றிருந்தால் தாம் வாக்களித்திருப்போம் என்றே எல்லோரும் சொன்னார்கள். பெரிய வீட்டுக்காரர்களும் சொன்னார்கள், மூத்தவர்களும் சொன்னார்கள். மற்றவர்கள்தாம் அளிக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணியிருந்தோம். அந்த மற்றவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால் ஒருவரும் அகப்படவில்லை!

இது நம் குடியிருப்புக்கு மட்டும் உரிய குறை அன்று. இங்கிருந்து சாந்தி பாதை வழியே சிறிது தொலைவு சென்றால் அமெரிக்கத் தூதரகத்தைக் காண்கிறோம். அந்நாட்டில் இந்தக் கேள்வி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடெங்கும் எழுந்து, வீடுதோறும் வாதிக்கப்படுகிறது. நம் நாட்டில் ஒரு தொகுதியில் யாரை நிறுத்துவது என்பதைக் கட்சியின் தலைமை தீர்மானிக்கிறது. அமெரிக்காவிலோ குடியரசுத் தலைவர் பதவிக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்பதை மாநிலந்தோறும் முதனிலைத் தேர்தல் நடத்தி வாக்காளர்களே தீர்மானிக்கிறார்கள். எனவே அங்கே ஒவ்வொரு வாக்காளரும் இரண்டு கேள்விகளைச் சுமக்கிறார். இவர்களுள் தக்கவர் யார் என்பது ஒன்று. மாற்றுக் கட்சியாரை வெல்லக்கூடியவர் யார் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி முதற் கேள்வியைப் பல சமயங்களில் விழுங்கிவிடுகிறது.

1960 ஆம் ஆண்டில் ஜான் கென்னடி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். அவர் கத்தோலிக்கர். 1928 இல் அதே கட்சி ஆல் ஸ்மித் என்னும் கத்தோலிக்கரை நிறுத்தித் தோற்றிருந்தது. ஆகவே, கத்தோலிக்கர் ஒருவர் வெல்ல இயலாது என்பது அக்கட்சித் தலைவர்கள் பலரின் அச்சமாக இருந்தது. கத்தோலிக்கர் மிகச் சிலரே வாழும் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் மே 10 ஆம் நாள் முதனிலைத் தேர்தல் நடந்தது. கென்னடி நூற்றுக்கு அறுபது வாக்குகளுக்கு மேல் பெற்றார். எதிர்த்து நின்ற ஹியூபர்ட் ஹம்ஃப்ரி போட்டியிலிருந்து விலகினார். முப்பத்திரண்டு ஆண்டுகளாக உறுதியென்று கருதப்பட்ட கணிப்பை அந்த ஒரு நாள் வாக்குப்பதிவு தளர்த்திவிட்டது.

2008 இல் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. பராக் ஒபாமாவை விரும்பிய கறுப்பின மக்களிலேயே பலர் தொடக்கத்தில் தயங்கினர். வெள்ளையர் வாக்களிக்க மாட்டார்கள் என்பது அவர்கள் எண்ணம். வெள்ளையரே மிகப் பெரும்பான்மையினராக உள்ள அயோவா மாநிலத்தில் சனவரி 3 ஆம் நாள் அவர் முதலிடம் பெற்றார். அதன் பின்னரே அவர்களுடைய தயக்கம் நீங்கியது. மூன்று வாரங்களில் தென் கரோலினா மாநிலத்தில் அம்மக்களின் பேராதரவோடு பெருவெற்றி அடைந்தார். நம் அம்மையாரைப் பற்றி நாம் கொண்ட ஐயமும் இத்தகையதே அன்றோ?

வெற்றி வாய்ப்பைப் பற்றிய கேள்வியே வீண் என்று இதனால் கூறிவிட முடியாது. 1964 இல் குடியரசுக் கட்சியார் தம் கொள்கைக்கு மிக நெருங்கியவர் என்று பேரி கோல்டுவாட்டரைத் தேர்ந்தெடுத்தனர். ஐம்பது மாநிலங்களில் நாற்பத்து நான்கில் தோற்றனர். 1972 இல் ஜனநாயகக் கட்சியார் ஜார்ஜ் மெக்கவர்னை நிறுத்தி நாற்பத்தொன்பது மாநிலங்களை இழந்தனர். தோற்றவரால் எந்தக் கொள்கையையும் நிறைவேற்ற முடிவதில்லை. ஆகவே அக்கேள்வியைக் கேட்பவரை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால் அதை எப்பொழுது கேட்பது, எவ்வளவு நம்புவது என்பனவே நாம் எண்ண வேண்டியவை.

இதில் நமக்கு உறவுடைய கதையும் ஒன்று உண்டு. மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்விகமாகக் கொண்ட பி. வி. கோபாலன் என்பவர், நம்மில் பலரைப் போலவே மத்திய அரசுப் பணியில் இருந்தவர். அவர் மகள் சியாமளா தில்லியில் லேடி இர்வின் கல்லூரியில் பயின்று, 1958 இல் தம் பத்தொன்பதாம் வயதில் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அவர் மகள் கமலா ஹாரிஸ் 2019 இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றார். அப்பொழுது அக்கட்சியாரின் பெரும் வாதம், டொனால்டு டிரம்பை வெல்லக்கூடியவர் யார் என்பதாகவே இருந்தது. போதிய பொருள் இன்றி, ஒரு வாக்குக்கூடப் பதிவாகு முன்னரே டிசம்பர் 3 ஆம் நாள் அவர் விலகினார். வெல்லத்தக்கவர் என்று கருதப்பட்ட ஜோ பைடன் வேட்பாளராகி வெற்றியும் பெற்றார். கமலா ஹாரிஸ் துணைத் தலைவரானார். ஆனால் 2024 சூலை 21 ஆம் நாள், வெல்ல முடியாது என்று சொந்தக் கட்சியாரே வற்புறுத்தியதால், அதே பைடன் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அவருக்குப் பதிலாக நின்ற கமலா ஹாரிஸ் நவம்பரில் தோற்றார். வெல்லத்தக்கவர் என்னும் பெயர் ஒருவரிடம் நான்காண்டுகள்கூட நிலைப்பதில்லை.

அமெரிக்காவை விட்டு நம் தில்லிக்கு வருவோம். இந்தக் கேள்வி நம் நாட்டின் வரலாற்றை மாற்றிய நாள் ஒன்று உண்டு. அதில் முதன்மை இடம் பெற்றவர் ஒரு தமிழர்.

1966 சனவரி 11 ஆம் நாள் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தாஷ்கண்டில் காலமானார். அப்பொழுது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் காமராசர். சிலர் அவரையே பிரதமராகுமாறு வேண்டினர், அவர் இசையவில்லை. மொரார்ஜி தேசாய் போட்டியிடுவதில் உறுதியாக இருந்தார். நிருவாகப் பயிற்சியிலும் அரசியல் அனுபவத்திலும் அவர் மூத்தவர். ஆனால் பொதுத் தேர்தலுக்கு ஓராண்டே எஞ்சியிருந்தது. வடக்கும் தெற்கும் ஒருங்கே அறிந்த முகம் வேண்டும், மக்களிடம் வாக்குக் கேட்கத்தக்க பெயர் வேண்டும் என்னும் எண்ணம் கட்சியில் ஓங்கியது. நேருவின் மகள், அப்பொழுது செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த இந்திரா காந்தி, அவ்வெண்ணத்துக்குப் பொருந்தினார். 1965 இல் மொழிக் கிளர்ச்சியின்போது அவர் சென்னைக்கு வந்து சென்றதைத் தமிழர் மறக்கவில்லை. காமராசரும் பெரும்பாலான மாநில முதலமைச்சர்களும் அவரை ஆதரித்தனர். சனவரி 19 ஆம் நாள் நாடாளுமன்ற மைய மண்டபத்தில் காங்கிரஸ் உறுப்பினர்கள் வாக்களித்தனர். இந்திரா காந்திக்கு 355, மொரார்ஜி தேசாய்க்கு 169.

பிறகு நிகழ்ந்தவற்றைப் பாருங்கள். 1967 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் வென்றதாயினும், 1962 இல் 361 ஆக இருந்த அதன் மக்களவை இடங்கள் 283 ஆகக் குறைந்தன. சென்னை மாநிலத்தில் ஆட்சியே கைமாறியது. எல்லாவற்றிலும் வியப்பு, காமராசர் தம் சொந்த விருதுநகரில் பெ. சீனிவாசன் என்னும் இளைஞரிடம் 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்றது. நாட்டுக்கு யார் வெல்லத்தக்கவர் என்று அளந்து சொன்ன பெருந்தலைவருக்குத் தம் ஊரின் மனத்தை அளந்தறிய முடியவில்லை. 1969 இல் கட்சி பிளந்தது. காமராசரும் இந்திரா காந்தியும் எதிரெதிர் அணிகளில் நின்றனர். 1971 இல் இந்திரா காந்தியின் கட்சி 352 இடங்களைப் பெற்றது. 1966 இல் செய்த கணிப்பு அன்று மெய்யாயிற்று. ஆனால் கணித்தவர்க்கு அதனால் பயன் இல்லை. 1977 இல் இந்திரா காந்தி ரேபரேலியில் தம் தொகுதியையே இழந்தார். வாக்குப் பெற்றுத் தர மாட்டார் என்று ஒதுக்கப்பட்ட மொரார்ஜி தேசாய் தம் எண்பத்தோராம் வயதில் பிரதமரானார். அதைக் காணக் காமராசர் இல்லை. 1975 அக்டோபர் 2 ஆம் நாளே மறைந்துவிட்டார்.

காமராசரைக் குறை கூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மக்களை அவ்வளவு நெருங்கி அறிந்த தலைவர்கள் மிகச் சிலர். அத்தகையவராலேயே முன்கூட்டி அறிய முடியாத ஒன்றை, ஒரு கோப்பைக் காப்பி அருந்தும் நேரத்தில் நாம் அறிந்துவிட்டதாக எண்ணினோமே, அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டனர். உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 921 ஆம் ஆண்டைச் சேர்ந்தது, ஊர்ச்சபை வாரியத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை விளக்குகிறது. முப்பத்தைந்து வயதுக்குக் குறையாமலும் எழுபதுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடும் வரி செலுத்தும் நிலமும் வேண்டும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் கூடாது. இவ்வாறு தகுதியை முதலில் அளந்தபின், பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனை எடுக்கச் செய்தனர். அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை. பெண்களுக்கும் நிலமற்றோர்க்கும் அங்கே வாயில் திறக்கவில்லை. அக்குறையை நாம் மறைக்க வேண்டா. ஆயினும் தகுதியே முதற்கேள்வி என்னும் வரிசை முறையை அவர்களிடம் நாம் கற்கலாம். குடவோலையில் "இவருக்கு வாக்கு விழுமா?" என்ற கேள்விக்கே இடம் இல்லை.

இன்று குடவோலை இல்லை. வாக்குச் சீட்டு இருக்கிறது. அது அவரவர் மனத்தைச் சொல்வதற்காகத் தரப்பட்டது. அடுத்த வீட்டுக்காரர் மனத்தை ஊகித்து அதன்படி நாம் வாக்களித்தால், அவரும் நம் மனத்தை ஊகித்து அவ்வாறே செய்தால், ஒருவரும் விரும்பாத ஒன்று எல்லோருடைய முடிவாகவும் வந்து நிற்கும். சென்ற முறை நமக்கு நேர்ந்தது இதுவே. ஆகவே, தக்கவர் யார் என்பதை முதலில் கேட்போம். அவர் வெல்வாரா என்பதை அதன் பிறகு கேட்போம். வெல்வது ஐயம் என்று தோன்றினால், அவரைக் கைவிடுவதற்கு அதைக் காரணம் ஆக்காமல், நான்கு வீடுகளுக்கு நடந்து சென்று அவருக்காகப் பேசுவதற்குக் காரணம் ஆக்குவோம். கென்னடியும் மேற்கு வர்ஜீனியாவில் ஊர் ஊராகச் சென்றே அந்த வெற்றியைப் பெற்றார்.

அந்த அம்மையார் இவ்வவையில் இருக்கிறார். பெயர் சொன்னால் கூச்சப்படுவார், ஆகவே சொல்லவில்லை. சென்ற வாரம் அவரிடம் நடந்ததைக் கூறி வருத்தம் தெரிவித்தோம். அவர் சினம் கொள்ளவில்லை. "எனக்கு வாக்கு விழுமா என்று ஊரெல்லாம் கேட்டீர்கள், நிற்க விருப்பமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லையே" என்று மட்டும் சொன்னார்.

இம்முறை கேட்டோம். விருப்பம் என்றார். வேறு தக்கவர்களும் நிற்கட்டும், போட்டி நிகழட்டும், யார் வென்றாலும் அவருக்குத் துணை நிற்போம். வேட்புமனுத் தாள்கள் வாயிலருகே இருக்கின்றன. இரவு ஒன்பது மணி வரை அங்கேயே இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!