மணலைச் சோலையாக்கிய தோட்டக்காரர்



ரப்பர்க் கன்று நட்டால் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். காத்திருப்பதன் அருமையை நீங்கள் அறிவீர்கள். அவ்வாறு வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஜான் மெக்லாரன் என்பவரை இன்று நாம் நினைவுகூர்வோம்.

அவர் ஸ்காட்லாந்தில் 1846ஆம் ஆண்டு பிறந்தவர். தோட்டத் தொழில் கற்று, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குடியேறியவர். 1887இல் சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பூங்காவுக்குப் பொறுப்பேற்றார். ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்நிலத்தில் பெரும்பகுதி, கடற்காற்றில் அலையும் மணலாகவே இருந்தது. ஹால் என்னும் பொறியாளர் தொடங்கிவைத்த பணியை மெக்லாரன் தொடர்ந்தார். மணலைப் பற்றிக்கொள்ளும் புல்லை வளர்த்தார். நகரத் தெருக்களில் கூட்டிய குதிரைச் சாணத்தை வரவழைத்து உரமிட்டார். பின்னரே மரங்களை நட்டார். பிறந்தநாள் பரிசாக யாது வேண்டும் என்று வினவியபோது, நல்ல எரு வேண்டும் என்றாராம்!

அத்தனை மரங்களையும் அவர் ஒருவரே நட்டார் அல்லர். குழி தோண்டியோரும் எருச் சுமந்தோரும் பலர். அவர்களையும் சேர்த்தே நாம் எண்ணுகிறோம்.

பூங்காவில் சிலை வைப்பதை மெக்லாரன் விரும்பவில்லை. பிறர் நிறுவிய சிலைகளைச் சுற்றிச் செடிகளை வளர்த்து மறைத்தார். தமக்கென வடித்த சிலையையும் ஒளித்து வைத்தார். 1943இல், தமது 96ஆம் வயதில், பதவியில் இருந்தவாறே மறைந்தார். அதன் பின்னரே அச்சிலை வெளிவந்தது. உயர்ந்த பீடமின்றி அது மண்மீது நிற்கிறது. கையில் ஒரு பைன் மரக்காய்.