பீங்கான் ஊரும் போதுமென்ற மனமும்

விருத்தாசலம் பொருள் செய்து விற்றுப் பிழைக்கும் ஊர். செராமிக் பட்டறைகளில் பிளாஸ்டர் அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, உட்சுவரில் மண் தோலாகப் படிகிறது. மிச்சக் கரைசலைக் கவிழ்த்து, காயவைத்து, பிசிறு தட்டிச் சூளையில் சுட்டால் பொம்மை தயார். இந்த ஊர் மேடையில் கிறிஸ்தவ எளிமையைப் பேச வருபவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எல்லாரும் போதுமென்று கையைக் கட்டிக்கொண்டால் சூளை எரிவது எப்படி?

பதில் ஜே.சி. குமரப்பாவிடம் இருக்கிறது.

1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்துப் பம்பாயில் தணிக்கையாளராக இருந்தார். பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி படித்தார். 1929 மே மாதம் மேனாட்டு உடையில் சபர்மதிக்குப் போனார். மரத்தடியில் ஒரு முதியவர் நூற்றுக்கொண்டிருந்தார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும், சாணி மெழுகிய தரையிலேயே உட்கார்ந்து பேசினார். சீக்கிரமே கதருக்கு மாறிவிட்டார்.

வயிற்றைக் கட்டுவதை அவர் எளிமை என்று நினைக்கவில்லை. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தினார். கைக்காகிதம், செக்கு எண்ணெய், தேனீ வளர்ப்பு என்று வேலைகள் நடந்தன. மண்ணெண்ணெய் விளக்குக்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ அங்கே உருவானது. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு ஊரைவிட்டுப் போய்விடும். செக்கு எண்ணெய்க்குக் கொடுத்தால் செக்கு ஓட்டுபவரின் அடுப்பு எரியும். ஜபல்பூர் சிறையில் நிலைத்த பொருளாதாரம் பற்றி ஒரு நூலும், இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும் எழுதினார். பிறர் உழைப்பைச் சுரண்டிச் செய்த பொருளை வாங்குபவருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு என்பது அவர் கட்சி.

இந்த வழியில் அவர் தனியாகவும் நடக்கவில்லை. 1921இல் டாக்டர் சவரிராயன் இயேசுதாசனும் டாக்டர் ஏர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டனும் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பேட்டன் ஸ்காட்லாந்தின் செல்வமிக்க ஜவுளிக் குடும்பத்துப் பிள்ளை. நூல் ஆலைக் காசில் வளர்ந்தவர் இங்கே கதர் உடுத்தி, நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார்.

குமரப்பாவின் கணக்கை விருத்தாசலத்துக்குக் கொண்டுவந்தால், எவ்வளவு வாங்கினோம் என்பதோடு யாரிடம் வாங்கினோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆண்டுதோறும் தூக்கி எறியும் மலிவு அலங்காரப் பொருள் பத்துக்கும், பல ஆண்டு வைத்திருக்கும் பீங்கான் பொம்மை ஒன்றுக்கும் செலவு ஒன்றாகவே இருக்கலாம்; கூலி போய்ச் சேரும் வீடு வேறு. கிறிஸ்துமஸ் குடிலுக்கு மரியாள், யோசேப்பு, இடையர் உருவங்கள் வாங்கும் சபைகள் இதிலிருந்து தொடங்கலாம். தொகுப்பை ஒருமுறை இவ்வூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்து, உடைந்ததை மட்டும் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதலை எந்தச் செலவில் குறைப்பது என்று சபைக் கமிட்டி கூடிப் பேசட்டும்.