அக்கா தேடிய தாய்வழி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நமது சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. நமக்கு முன்னே படித்தவர் யாராயினும் அவர் நமக்கு அக்காதான். எண்பத்து மூன்று வயதுக்காரரையும் நாற்பது வயதுக்காரர் கூசாமல் "அக்கா" என்று அழைப்போம். அப்படி ஓர் அக்காவின் கதையைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கதையைச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார்.

அக்காவுக்குக் கண் பார்வை குறைந்துகொண்டு வந்தது. வயதுக் கோளாறு என்று பல வருடம் பேசாமல் இருந்துவிட்டார். பரிசோதித்தபோது அது குளுக்கோமா என்று தெரிந்தது. கண்ணுக்குள் அமுக்கம் கூடிப் பார்வை நரம்பை மெல்ல மெல்ல அழிக்கும் நோய் இது. பெரும்பாலும் நோவு இராது. முதலில் பக்கப் பார்வைதான் போகும். நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். ஆகையால் குழாய்க்குள்ளால் பார்ப்பது போன்ற நிலை வரும்வரை பலருக்குத் தெரியவே வராது. போன பார்வையை எந்த வைத்தியத்தாலும் மீட்க முடியாது, இருப்பதைக் காப்பாற்றலாம்.

இந்த நோய் உள்ள எவரையும் வைத்தியர்களாகிய நாங்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கட குடும்பத்தில் வேறு ஆருக்கும் கண் தெரியாமல் போனதோ?" தந்தை வழியில் அப்படி ஒருவரும் இல்லை என்றார் அக்கா. தாய்வழி?

"தாய்வழியில் எனக்கு ஒருத்தரும் இல்லை, பிள்ளையள்."

அதைச் சொன்ன விதம் எங்களை உறுத்தியது. இல்லாத உறவு வேறு, இல்லையென்று ஆக்கப்பட்ட உறவு வேறு. அக்கா சொன்னது இரண்டாவது வகை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

அக்காவின் தந்தையார் கோலாலம்பூர், செந்தூலில் ரயில்வே உத்தியோகம் பார்த்தவர். அந்தக் காலத்தில் நம்மூர் இளைஞர் பலருக்கு மலாயா உத்தியோகம் என்றால் பெரிய காரியம். தாயார் நெடுந்தீவுப் பெண். பிள்ளைப்பேற்றுக்காகக் கப்பலேறித் தாய்வீடு வந்தார். 1941ஆம் ஆண்டு ஆவணியில் அக்கா பிறந்தார். மார்கழி 8ஆந் திகதி யப்பானியப் படை கோத்தபாருவில் இறங்கியது. அடுத்த ஆண்டு மாசி 15இல் சிங்கப்பூரும் விழுந்தது. கடிதம் நின்றது, காசு நின்றது. 1945 புரட்டாதியில் யுத்தம் முடிந்து தபால் திரும்பவும் வரத் தொடங்கியபோது முதலில் வந்த கடிதம் தந்தையார் இறந்துபோன செய்தியைக் கொண்டுவந்தது. அதற்கு முந்திய ஆண்டே தாயாரும் காய்ச்சலில் போய்விட்டார்.

தந்தையின் சகோதரி, அக்காவின் மாமி, கொழும்பிலிருந்து வந்து ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய் வளர்த்தார். பத்து வயதில் நமது கல்லூரி விடுதியில் சேர்த்தார். குறை வைக்காமல் வளர்த்தவர்தான். ஆனால் ஒரு வசனத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்: "கொம்மாவின்ர ஆக்கள் ஒருத்தரும் உன்னைத் தேடி வரேல்லை." தேடாதவர்களைத் தான் ஏன் தேட வேண்டும் என்று அக்காவும் எண்பது வயதுவரை இருந்துவிட்டார். நாங்கள் கேட்ட அந்த வைத்தியக் கேள்விதான் அதைக் குலைத்தது.

தேடுவதற்குக் கையில் இருந்தவை இரண்டு. ஒன்று பிறப்புச் சான்றிதழ். இன்னொன்று மாமி விட்டுப்போன றங்குப்பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே கிடந்த ஒரு பழைய உறுதி.

பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நாம் மடித்து வைத்துவிடுகிறோம். அதில் தகவல் கொடுத்தவர் யார், அவர் பிள்ளைக்கு என்ன முறை என்றும் எழுதியிருக்கும். அக்காவின் சான்றிதழில் தகவல் கொடுத்தவர் தாய்வழிப் பேரனார். அவருடைய பெயரை அக்கா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். நாங்கள்தான் வாசித்துக் காட்டினோம்.

மற்றது தாயாரின் சீதன உறுதி. தேசவழமை பற்றி நாம் பல குறை சொல்கிறோம். சொல்ல வேண்டியவையும் உண்டு. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டு எழுத்தில் கொண்டுவந்த அந்தச் சட்டம், மகளுக்குக் கொடுக்கும் சீதனத்தை மகளுடைய சொத்தாகவே வைத்தது. அதனால் நமது பழைய சீதன உறுதிகளில் பெண்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. இன்ன காணி எனக்கு என் தாயாரால் சீதனமாகக் கிடைத்தது, அதை என் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கிறேன் என்று நொத்தாரிசு எழுதியிருப்பார். வேறெங்கும் எழுதப்படாத நம் பாட்டிமார் காணி உறுதிகளில் இருக்கிறார்கள். அந்த ஒரு தாளில் அக்காவுக்கு அம்மம்மாவும், அம்மம்மாவின் தாயாரும், ஒரு காணியின் பெயரும், அதன் நாற்புறத்து எல்லைக்காரரின் பெயர்களும் கிடைத்தன.

சோளகக் காற்று ஓய்ந்த பிறகு எங்களில் மூவர் குறிகட்டுவானில் படகேறினோம். நெடுந்தீவுப் பயணம் நமக்கு வெறும் பயணம் அல்ல. 1985 மே 15ஆந் திகதி இதே கடலில் குமுதினிப் படகில் வந்த மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதை நினையாமல் அந்தக் கடலைக் கடக்க முடிவதில்லை. தீவகத்தின் ஊர்கள் 1990, 91ஆம் ஆண்டுகளில் எப்படி வெறுமையாகின என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆட்கள் இல்லாத இடத்தில் ஆரைக் கேட்பது என்ற பயம் எங்களுக்கு இருந்தது.

மாவிலித்துறையில் இறங்கி ஓர் ஓட்டோ பிடித்தோம். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளுக்கு நடுவே காணியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டுப்போனோம். ஆட்களின் பெயர் மறந்தவர்களும் காணியின் பெயரை மறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் இடம் காட்டினார்கள். உறுதியில் தெற்கு எல்லைக்காரர் என்று எழுதியிருந்தவரின் பேத்தி, அவரும் எழுபது கடந்தவர், நாங்கள் சொன்ன பெயர்களைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். அலுமாரியிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து வந்தார். 2012இல் காலமான ஓர் அம்மையாரின் 31ஆம் நாள் நினைவு மலர்.

அந்த அம்மையார் அக்காவின் தாயாருடைய தங்கை. மலரின் கடைசிப் பக்கத்தில் வம்சாவளி இருந்தது. பேரனார், அம்மம்மா, அவர்களின் பிள்ளைகள். மூத்த பெண்பிள்ளையின் பெயருக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டின் முனையில் பெயர் இல்லை. "மகள்" என்று மட்டும் போட்டிருந்தது.

எழுபது ஆண்டு அக்காவை நினைத்திராதவர்கள் அந்தக் கோட்டைக் கீறியிருக்க மாட்டார்கள்.

மலரில் இருந்த பெயர்களைக் கொண்டு, கிளிநொச்சிப் பக்கம் இருக்கும் சின்னம்மாவின் மகளின் தொலைபேசி இலக்கத்தைப் பெற்றோம். விபரத்தைச் சொன்னோம். மறுபக்கத்தில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "காணிக்கோ வாறியள்?"

அவரைக் குறை சொல்ல மாட்டோம். இடம்பெயர்ந்து, எல்லாம் இழந்து, எஞ்சிய காணியின் பெயரில் வாழ்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அக்காவிடம் தொலைபேசியைக் கொடுத்தோம். அக்கா சொன்னார்: "காணி கிடக்கட்டும் தங்கச்சி. அம்மாவின்ர படம் ஏதும் உங்களிட்டை இருக்கோ?"

படம் இருக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமையே அந்தத் தங்கச்சி மகனோடு யாழ்ப்பாணம் வந்தார். அவரும் சுவரைத் தடவித்தான் வாசற்படி ஏறினார்.

அன்றைக்குத்தான் நமது கல்லூரி வாசலில் நடந்த ஒன்றை நாங்கள் அறிந்தோம். 1950களின் தொடக்கத்தில் சின்னம்மா இரண்டு தடவை வள்ளமும் பஸ்சும் மாறி, பனங்கட்டியும் புழுக்கொடியலும் கட்டிக்கொண்டு விடுதிக்கு வந்திருக்கிறார். மாமி எழுதிக் கொடுத்த பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. பட்டியலில் இல்லாதவரை விடுதிப் பிள்ளை சந்திக்க முடியாது. நகை பற்றிய ஏதோ ஒரு மனத்தாங்கல் இரண்டு குடும்பத்துக்கும் இடையில் இருந்ததாம். வாசலில் நின்றவர் தன் கடமையைச் செய்தார். மாமியும் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று பயந்திருக்கலாம். யாரும் கொடியவர் அல்லர். ஆனாலும் ஒரு பிள்ளை எழுபது ஆண்டு தன்னை ஒருவரும் தேடவில்லை என்று நம்பி வாழ்ந்தது.

அக்கா அழவில்லை. "இரண்டு தரமோ?" என்று மட்டும் திரும்பக் கேட்டார். "ஓம் அக்கா, இரண்டு தரம்" என்றார் தங்கச்சி. "இரண்டு பேருக்கும் ஒரே முகம் எண்டு ஊரில சொல்லுவினம்" என்று நினைவு மலரின் அட்டையில் இருந்த சின்னம்மாவின் படத்தைக் காட்டினார். நாங்கள் அதைத் தொலைபேசியில் எடுத்துப் பெரிதாக்கிக் கொடுத்தோம். எஞ்சிய சிறு பார்வைக்குள் முகம் முழுவதும் அடங்கவில்லை. நெற்றி, பிறகு மூக்கு, பிறகு நாடி என்று அக்கா துண்டு துண்டாகப் பார்த்தார். பார்த்து முடிக்க வெகு நேரம் பிடித்தது.

இனி வைத்திய விடயம். சின்னம்மா கடைசிப் பத்து வருடம் பார்வையின்றி இருந்தவர். தங்கச்சிக்கும் அதே நோய்தான் என்று பரிசோதனையில் தெரிந்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குளுக்கோமா இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே தங்கச்சியின் பிள்ளைகள் நால்வரையும் பார்க்கச் சொன்னோம். அன்று அவரைக் கூட்டிவந்த மகனுக்கு, வயது நாற்பத்தெட்டு, கண் அமுக்கம் கூடியிருந்தது. நரம்பில் பாதிப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்கவில்லை. இப்போது நாள் தவறாமல் துளிமருந்து விடுகிறார். பார்வை குறையாமல் நிற்கிறது. அக்கா தன் கண்ணுக்குக் காலம் கடந்து தேடிய விடை, இன்னொருவரின் கண்ணுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தது.

சகோதரிகளே, நாம் உலகமெல்லாம் பரந்துவிட்டோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பிறக்கும் நம் பேரப்பிள்ளைகளிடமும் வைத்தியர்கள் இதே கேள்வியைக் கேட்பார்கள். ஆகையால் மூன்று வேண்டுகோள்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் தாய்வழியில் தெரிந்த பெண்களின் பெயர்களை எழுதி வையுங்கள்; யார் எந்த நோயால் துன்பப்பட்டார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய உறுதிகளையும் நினைவு மலர்களையும் எரிக்காதீர்கள். 2005 முதல் நம் நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு பிரதியாவது கொடுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் கண் அமுக்கத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கும் ஒன்று கேட்கிறோம். நமது பழைய சேர்விடாப்புகளை யாராவது தேடி வந்தால், இனி நாம் பட்டியலைப் பார்க்காமல் முதலில் ஆளைப் பார்ப்போம்.

கடந்த சித்திரையில், கடல் அமைதியாக இருந்த ஒரு நாள், அக்காவும் தங்கச்சியும் கைபிடித்து நெடுந்தீவுக்குப் போனார்கள். நாங்களும் கூடப் போனோம். காணியின் வேலிக் கல்லை அக்கா தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது நினைவு மலரை எங்களிடம் தந்து, பேனை எடுக்கச் சொன்னார். கோட்டின் முனையில் "மகள்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில், படகு ஆடிய ஆட்டத்தில் எழுத்துக் கோண, அவருடைய பெயரை எழுதிக் கொடுத்தோம்.