ஆய்வுப் பணம்: கேள்வியை எழுதுவது யார்?

(மாணவர் கருத்தரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அறிவியல், ஆய்வு, புதுமை என்று காலையிலிருந்து பேசிக் கொண்டிருக்கிறோம். இந்தச் சொற்களுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. அந்தப் பணம் யார் பையிலிருந்து எடுக்கப்பட்டு யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் நாம் பேசுவதில்லை. அதைப் பேசலாம்னுதான் வந்திருக்கேன். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றை எடுத்துக் கொள்கிறேன். ஏன் அமெரிக்கா? தகுதி, திறமை என்று நம்மிடம் வாய் கிழியப் பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பி வைக்கிற நாடு அதுதானே!

1982 ஜூலையில் அங்கே குடியரசுத் தலைவர் ரீகன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டம் அதில்தான் பிறந்தது. வெளியாருக்குக் கொடுக்கும் ஆய்வுப் பணம் ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் உள்ள ஒவ்வொரு அரசுத் துறையும், அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்றே எடுத்து வைக்க வேண்டும் என்றது சட்டம். 500 பேருக்கு மிகாமல் வேலை செய்தால் சிறு நிறுவனம். தொடக்கத்தில் 0.2 சதவீதம். படிப்படியாக 1.25 ஆனது. 1992இல் சட்டத்தைப் புதுப்பித்தபோது 2.5க்கு உயர்த்த வழி செய்தார்கள். 2017இல் 3.2 ஆனது.

இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு? இடஒதுக்கீடு. வேறென்ன!

அன்றைக்கு இதை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? பெரிய பல்கலைக்கழகங்கள். பங்கு பிரித்து வைத்தால் போட்டி போய்விடும், ஆய்வின் தரம் கெட்டுவிடும் என்றார்கள். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லையா? தரம் கெட்டதா? 1985இல் தொடங்கிய குவால்காம், தன் தொடக்க காலத்தில் இந்தப் பணத்தைப் பெற்ற நிறுவனம். இன்றைக்கு நம் கையில் இருக்கிற செல்பேசிகளில் அதன் தொழில்நுட்பம் இருக்கிறது. ஒதுக்கீட்டுக்குள்ளேயும் கடும் போட்டி இருந்தது. முதல் கட்டத்தில் யோசனை நடக்குமா என்று பார்க்கச் சிறு தொகை, இரண்டாம் கட்டத்தில் செய்து காட்டப் பெருந்தொகை, மூன்றாம் கட்டத்தில் சந்தை. விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் முதல் படியிலேயே கழிக்கப்பட்டார்கள். வாசலைத் திறந்துவிட்டால் திறமை செத்துவிடாது என்பதற்கு முதலாளித்துவத்தின் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

இனி இந்தப் பணம் போன திசையைப் பாருங்கள். 2020க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர். இதில் சரிபாதி அளவுக்கு ராணுவத் துறை வழியாகப் போனது. அடுத்த இடம் மருத்துவ ஆய்வுக்கு.

இரண்டுக்கும் நடைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. மருத்துவத் துறை பெரும்பாலும் நல்கை கொடுத்தது. என்ன ஆய்வு என்பதை விண்ணப்பிக்கிறவரே சொல்லலாம். ராணுவம் ஒப்பந்தம் போட்டது. 'எனக்கு இது வேண்டும், செய்து தா' என்று கேள்வியை அதுவே எழுதி வெளியிட்டது. பொருள் தேறிவிட்டால் மறு ஏலம் இல்லாமலே வாங்கிக் கொள்ளவும் சட்டம் இடம் கொடுத்தது. அதாவது கேள்வியும் அவனுடையது, கொள்முதலும் அவனுடையது. நோயாளிக்கு அப்படி ஒரு வாங்குகிறவன் கிடையாது. ஏழை நோயாளிக்குச் சுத்தமாகக் கிடையாது.

ராணுவப் பணத்தில் மருத்துவம் வளரவில்லையா என்று கேட்பார்கள். வளர்ந்தது. விண்வெளியில் நகரும் பொருளை லேசர் கொண்டு விடாமல் தொடரும் நுட்பத்துக்கு ஏவுகணைத் தற்காப்பு அமைப்பு இந்தத் திட்டத்தில் பணம் கொடுத்தது. புளோரிடாவின் ஒரு சிறு நிறுவனம் அதையே, அறுவையின்போது அசையும் கண்ணைத் தொடர்வதற்குத் திருப்பியது. 1998இல் அந்தக் கருவிக்கு அனுமதி கிடைத்தது. இன்னொன்று: அமெரிக்க ராணுவப் பணத்தில் ஓரிகன் மாநிலச் சிறு நிறுவனம் ஒன்று, கட்டுப்போட முடியாத இடத்துக் குண்டுக் காயத்துக்குள் பஞ்சு வில்லைகளைச் செலுத்தி ரத்தத்தை நிறுத்தும் கருவியைச் செய்தது. 2014இல் படைவீரர்களுக்கு அனுமதி. மற்ற மனிதர்களுக்கு 2015இல். வரிசையைக் கவனியுங்கள். சிப்பாயின் காயம் முதலில், சனங்களின் காயம் அப்புறம். உயிர் காக்கும் கருவி வேண்டாம்னு நான் சொல்லவில்லை. யாருடைய உயிருக்காக முதலில் கேள்வி எழுதப்படுகிறது என்றுதான் கேட்கிறேன்.

அந்த 1982 சட்டம் தனக்கு நான்கு நோக்கங்களை எழுதிக் கொண்டது. அதில் ஒன்று, சிறுபான்மையினரும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களும் தொழில்நுட்பப் புதுமையில் பங்கேற்பதை ஊக்குவிப்பது. சதவீதத்துக்குச் சட்டத்தில் எண் இருந்தது, அளந்தார்கள், நிறைவேற்றினார்கள். இந்த நோக்கத்துக்கு எண்ணும் இல்லை, கெடுவும் இல்லை. கறுப்பினத்தவரின் பங்கு மிகக் குறைவாகவே இருக்கிறது என்று அந்நாட்டு தேசிய அகாதமிகளின் மதிப்பீடுகளே 2010களில் எழுதின. எண் இல்லாத வாக்குறுதி வெறும் வாய்ப்பந்தல்தான் தோழர்களே. சிறு முதலாளிக்குச் சட்டம், கறுப்பு மனிதருக்கு ஊக்கம்!

இதெல்லாம் நமக்கு எதற்கு? பெயரோடு சேர்த்து இந்தத் திட்டத்தை இந்தியா இறக்குமதி செய்திருக்கிறது. 2005இல் உயிரித் தொழில்நுட்பத் துறை அதே பெயரில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த ராணுவக் கண்காட்சியில், பாதுகாப்புத் துறைப் புதுமைகளுக்கான ஐடெக்ஸ் திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் இளம் நிறுவனத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உதவி என்றார்கள். இங்கேயும் படைகள்தான் கேள்வியை எழுதுகின்றன.

அரசு வாங்கும் மொத்தப் பொருளில் தலித், பழங்குடிச் சிறுதொழில்முனைவோருக்கு 4 சதவீதம் என்று 2012இல் மத்திய அரசு ஆணை போட்டது. தொடக்க ஆண்டுகளில் அது 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதே ஆணையில் இன்னொரு வரி இருக்கிறது: ஆயுதங்கள், ஏவுகணைகள் போன்ற தளவாடங்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது. பணம் எங்கே குவிகிறதோ அங்கே கதவைச் சாத்திவிட்டு, மிச்சத்தில் பங்கு கேள் என்கிறார்கள்.

அமெரிக்கத் திட்டத்தில் பணம் பெற்றவற்றுள் ஐரோபாட் என்ற நிறுவனமும் ஒன்று. அதன் பேக்பாட் இயந்திரம் 2002இல் ஆப்கானிஸ்தான் குகைகளுக்குள் சிப்பாய்களுக்கு முன்னால் போனது. 'ஆபத்தான பொந்துக்குள் மனிதனுக்குப் பதிலாக எது போகும்?' என்று ராணுவம் கேட்டது, பதில் வந்தது. நம்ம சாக்கடைக் குழியும் பொந்துதானே? அதுக்குள்ள விஷவாயு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியுமே! மலமள்ளும் வேலைக்கு 1993இல் ஒரு தடைச்சட்டம், 2013இல் இன்னொன்று. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. பிணத்துக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. 2018இல் கேரளத்தின் இளம் பொறியாளர்கள் குழிக்குள் இறங்கும் இயந்திரத்தைச் செய்து காட்டிவிட்டார்கள். செய்ய முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. அப்புறமும் மனிதர்கள் இறக்கிவிடப்படுகிறார்கள், சாகிறார்கள். குழிக்குள் இறங்குகிறவன் என்ன சாதி என்பது கேட்கிறவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் அவசரப்படவில்லை.

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஆய்வுப் பணத்தில் நமக்கான பங்கு எண்ணாகச் சட்டத்தில் இருக்க வேண்டும், ராணுவத் துறை உட்பட. எதை ஆய்வது என்று முடிவு செய்கிற குழுவில் துப்புரவுத் தொழிலாளியும் தோல் பதனிடும் தொழிலாளியும் உட்கார வேண்டும். தேறிய கருவியை நகராட்சிகள் கட்டாயம் வாங்க வேண்டும், அது ஒப்பந்தக்காரன் கைக்குப் போகாமல் தொழிலாளர் கூட்டுறவுக்குச் சொந்தமாக வேண்டும்.

அறிவியல் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்தவன் எழுதிய கேள்விக்குப் பதில் எழுதித்தான் நாம் பட்டம் வாங்குகிறோம். வாங்குங்கள், தப்பில்லை. கூடவே நம் தெருவிலிருந்து ஒரு கேள்வியை எழுதி, அதற்குப் பணம் எங்கே என்று கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேளுங்கள்.

ஜெய்பீம்.