வாயில்லா ஜீவனின் வலியும் ஊசி வைத்தியமும்

நோவு வந்தால் மனிதன் வாய்விட்டுச் சொல்கிறான். எங்கே வலிக்கிறது, எப்பொழுது வலிக்கிறது என்று வைத்தியரிடம் விவரிக்கிறான். வீட்டில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் அந்த வசதி இல்லை. ஆதலின் அவற்றின் வலியைப் பற்றி நாம் இரு வகையில் ஏமாறுகிறோம். வலி இருக்கும்போது இல்லை என்று எண்ணிவிடுகிறோம். சிகிச்சைக்குப் பின் அது தீராதபோதும் தீர்ந்துவிட்டதென்று நம்பிவிடுகிறோம். வளர்ப்புப் பிராணிகளின் வலிக்கு அக்குபங்சர் என்னும் ஊசி முறையைக் கையாளும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதன் பயன் எது, எல்லை எது என்பதை இவ்விரு ஏமாற்றங்களையும் மனத்திற்கொண்டு ஆராய்வோம்.

வலி கண்ட நாய் ஓலமிடும் என்று பலர் கருதுகின்றனர். திடீரென அடிபட்டால் ஓலமிடும் என்பது மெய்தான். ஆனால் மூட்டுத் தேய்வு போன்ற நாட்பட்ட வலியை அது பெரும்பாலும் ஓசையின்றியே சுமக்கிறது. காலையில் எழுந்திருக்கத் தயங்கும். மாடிப்படியின் கீழே நின்று மேலே பார்க்கும். தாவி வண்டியில் ஏறிய நாய், யாரேனும் தூக்கிவிடும்வரை காத்திருக்கும். ஒரே இடத்தை ஓயாமல் நக்கும். இடுப்பைத் தொட்டால் உறுமும். பூனையோ உயரத்தில் ஏறி அமர்வதை விட்டுவிடும். தன் உடலை நக்கித் துப்புரவு செய்துகொள்வதிலும் சிரத்தை குறையும். இவற்றையெல்லாம் "வயதாகிவிட்டது" என்ற ஒரு சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். முதுமை ஒரு நோயன்று. முதுமையில் வரும் வலிக்குக் காரணம் உண்டு. பெரும்பாலும் பரிகாரமும் உண்டு.

இனி ஊசி முறைக்கு வருவோம். இதன் பிறப்பிடம் சீனம். அங்கே மனிதருக்கு மட்டுமன்றிக் குதிரைகளுக்கும் இது வழங்கிற்று. மிங் பேரரசின் காலத்தில், 1608-ஆம் ஆண்டில் தோன்றிய குதிரை வைத்திய நூல் ஒன்று இதனை விளக்குகிறது. நாயின் உடலில் இன்று குறிக்கப்படும் இடங்களிற் பெரும்பாலானவை மனித உடலின் படத்திலிருந்து பிற்காலத்தில் மாற்றி அமைக்கப்பட்டவை. 1971-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன், பெய்ஜிங்கில் குடல்வால் அறுவைக்குப் பின் தமக்குச் செய்யப்பட்ட ஊசிச் சிகிச்சையைப் பற்றி எழுதினார். அதன்பின் மேலைநாட்டாரின் கவனம் இதன்பால் பெரிதும் திரும்பியது. 1974-இல் கால்நடை அக்குபங்சருக்கென ஒரு சர்வதேசச் சங்கமும் அமெரிக்காவில் தோன்றிற்று.

மருந்து ஏற்றும் ஊசியை இங்கு நினைக்கலாகாது. இது மயிரிழை போன்ற மெல்லிய எஃகு ஊசி. இதன் வழியே மருந்து எதுவும் செல்வதில்லை. தசையையும் நரம்பையும் ஒட்டிய இடங்களில் இதைக் குத்தி, சுமார் 10 முதல் 30 நிமிஷம் வரை வைத்திருப்பார்கள். சில சமயம் சிறிதளவு மின்னோட்டமும் செலுத்துவதுண்டு. பல நாய்கள் சற்று நேரத்தில் அடங்கிப் படுத்துவிடுகின்றன. சில ஊசியைப் பொறுப்பதில்லை. வாரம் ஒருமுறையோ இருமுறையோ எனச் சில வாரங்கள் தொடர வேண்டும்.

இது எவ்வாறு வேலை செய்கிறது? உயிராற்றல் ஓடும் பாதைகளைச் சீன நூல்கள் கூறுகின்றன. உடலை அறுத்து ஆராய்ந்தவர்கள் அத்தகைய பாதைகளைக் கண்டதில்லை. நரம்பியலார் தரும் விளக்கம் வேறு. முழங்கையில் அடிபட்டால் நாம் நம்மையறியாமல் அதைத் தேய்த்துக்கொள்கிறோம், வலி குறைகிறது. தொடு உணர்ச்சி முதுகுத் தண்டில் வலியின் வழியை ஓரளவு அடைத்துவிடுகிறது என்று மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் விளக்கினர். மூளை தானே அபினியை ஒத்த பொருள்களைச் சுரக்கிறது என்பது 1975-இல் ஸ்காட்லாந்தில் வெளிப்பட்டது. மறு ஆண்டில் கனடாவில் சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஊசியால் தணிந்த வலியுணர்ச்சி, அபினியின் செயலை முறிக்கும் மருந்தைக் கொடுத்ததும் மீண்டது. ஆகவே ஊசி உடலில் சில மாறுதல்களை உண்டாக்குகிறது என்று கொள்ளலாம். நோயுற்ற நாய்க்கு அது போதிய நிவாரணம் தருகிறதா என்பது வேறு கேள்வி.

அக்கேள்விக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. அதுவரை நடந்த சோதனைகளை 2006-இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், வளர்ப்புப் பிராணிகளுக்கு இம்முறையைப் பரிந்துரைக்கவோ தள்ளிவிடவோ போதிய சான்று இல்லை என்றனர். சில முடிவுகள் நம்பிக்கை அளிப்பதாகவும் குறித்தனர். விடை காண்பது ஏன் கடினம் என்பதை 2012-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி காட்டுகிறது. மூட்டு நோயால் நொண்டிய நாய்களுக்கு, மருந்துச் சத்து இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டது. கால் தரையில் ஊன்றும் விசையைக் கருவி அளந்தது. கருவி குணம் காட்டாதபோதும், குணம் தெரிகிறது என்று உரிமையாளர் பலர் கூறினர். மருத்துவரும் இப்பிழைக்குத் தப்பவில்லை. அன்பும் செலவழித்த பணமும் கண்ணை மறைக்கின்றன. அந்த மறைப்பில் நமக்கு ஆறுதல் கிடைக்கிறது; நாயின் வலியோ தொடர்கிறது.

ஆதலின் ஊசிக்கு முன் நோய் நிர்ணயம் வேண்டும். நொண்டலுக்கு மூட்டுத் தேய்வு காரணமாகலாம். எலும்புப் புற்றும் காரணமாகலாம். டாக்ஸ்ஹுண்ட் போன்ற நீள உடல் நாய்க்கு முதுகெலும்பின் வட்டு பிதுங்கிப் பின்னங்கால்கள் திடீரென விழுந்துவிட்டால், அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை. ஊசியை நம்பி நாள் கடத்தினால் கால்கள் மீளாமலே போகலாம்.

நமது மாத்திரையை நாமே கொடுப்பது அதனினும் கொடிது. பாரசிட்டமால் பூனைக்கு உயிர்க்கொல்லி. ஐபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கால்நடை மருத்துவர் அளவறிந்து தரும் மருந்து, மிகுந்த எடையைக் குறைத்தல், வழுக்கும் தளத்தில் விரிப்பு, அளவான நடை இவையே மூட்டு வலிக்கு அடிப்படை. இவற்றோடு சேர்ந்த துணையாக, முக்கியமாகச் சிறுநீரகமோ கல்லீரலோ பழுதுற்று மருந்தைத் தாராளமாகக் கொடுக்க இயலாத பிராணிக்கு, ஊசியைச் சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. அதைச் செய்பவர் இம்முறையிற் பயின்ற, பதிவு பெற்ற கால்நடை மருத்துவராக இருத்தல் வேண்டும்.

சிகிச்சை தொடங்குமுன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்: நாய் எத்தனை படி ஏறுகிறது, எவ்வளவு தூரம் நடந்தபின் உட்காருகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறது என்று. அது நடப்பதைக் கைப்பேசியிற் படம் பிடித்துக்கொள்ளுங்கள். சில வாரங்கள் கழித்து மீண்டும் அவ்வாறே செய்து, எது முந்தியது எது பிந்தியது என்று சொல்லாமல் வேறொருவரிடம் இரண்டையும் காட்டுங்கள். அவர் வேற்றுமை கண்டால் தொடரலாம். காணவில்லையாயின் மருத்துவரிடம் சென்று வேறு வழி கேளுங்கள். வலிக்கிறது என்று சொல்ல இயலாத நாய்க்கு, இன்னும் வலி தீரவில்லை என்று சொல்லவும் இயலாது. அதற்காக நாம் செய்யக்கூடியது கூர்ந்து பார்ப்பதே.