சொல்லாமல் விட்ட நான்கு பெயர்கள்



2006 மார்ச் மாதம். கனடாவில், பனிச்சறுக்குக்குப் பேர்போன விஸ்லர் என்னும் மலையூர். ஸ்டெம் செல், அதாவது குருத்தணு ஆராய்ச்சியாளர்கள் அங்கே கூடியிருக்கிறார்கள். ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஷின்யா யாமனாகா மேடையேறுகிறார். வளர்ந்து முதிர்ந்த எலி செல்லைக் கருவில் இருப்பதுபோன்ற குருத்தணுவாகத் திருப்பிவிட்டோம் என்கிறார். அதற்குச் சில மரபணுக்களை உள்ளே செலுத்தினாலே போதுமாம். எந்த மரபணுக்கள்? அதை மட்டும் அவர் சொல்லவில்லை. அரங்கில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பெயரை ஊகிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பெயரைச் சொல்ல மனமில்லை என்றால் அவ்வளவு தூரம் வந்து பேசுவானேன்? அறிவியல் மாநாடு எதற்கு என்பதற்கான விடை இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கட்டுரை அப்போது அச்சேறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் அதே விடையைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். முழுவதையும் சொன்னால் வேறொருவர் முந்திவிடக்கூடும். ஆனால் வாய்மூடியே இருந்தால், திடீரென்று ஒருநாள் அச்சில் பார்ப்பவர்கள் எளிதில் நம்பப்போவதில்லை. அது நம்பிக்கை கெட்டிருந்த காலம் வேறு. மனிதக் கருவை நகலெடுத்துக் குருத்தணு எடுத்ததாகச் சொன்ன தென்கொரிய விஞ்ஞானி ஹுவாங் வூ-சுக்கின் கட்டுரைகள் மோசடி என்று தெரிந்து, 'சயன்ஸ்' இதழ் அவற்றைத் திரும்பப் பெற்று இரண்டே மாதம் ஆகியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு துறைக்கு வேண்டியது கேள்வி நேரம். வளர்ப்புத் தட்டில் பழைய கருச் செல் ஒன்று தவறிக் கலந்திருக்காதா? இன்னொருவர் செய்தாலும் இதே முடிவு வருமா? அச்சிட்ட கட்டுரையிடம் இதையெல்லாம் உடனே கேட்க முடியாது. மேடையில் நிற்பவரிடம் கேட்கலாம். அவர் தயங்கும் இடமும், தயங்காமல் பதில் சொல்லும் இடமும் கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் 'செல்' இதழில் விவரம் வெளிவந்தது. யாமனாகாவும் அவருடைய ஆய்வுக்கூடத்தின் கசுதோஷி தகாஹாஷியும் 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து நான்கில் வந்து நின்றிருந்தார்கள்: ஆக்ட்-3/4, சாக்ஸ்-2, கே.எல்.எஃப்-4, சி-மிக். மறு ஆண்டு ஜூனில் யாமனாகாவின் குழுவும் அமெரிக்கக் குழுக்களும் தனித்தனியே, ஒரே நாளில், இந்த முறை செல்லுபடியாகும் என்று காட்டின. 2007 நவம்பரில் மனித செல்லிலும் அது கைகூடியது. 2012இல் யாமனாகாவுக்கு நோபல் பரிசு. அதைப் பகிர்ந்துகொண்டவர், முதிர்ந்த செல்லின் உட்கருவிலிருந்து தவளையின் தலைப்பிரட்டையையே உருவாக்கலாம் என்று 1962இல் காட்டிய ஜான் கர்டன்.

பாதி சொல்வதும் பாதி மறைப்பதும் தனிமனித சாமர்த்தியத்தோடு நின்றுவிடக் கூடாது என்று நினைத்தவர்களும் உண்டு. 1931இல் தொடங்கிய 'கார்டன் ஆராய்ச்சிக் கருத்தரங்குகள்' என்னும் அறிவியல் கூட்டங்களில் பேச்சைப் பதிவுசெய்யக் கூடாது, திரையைப் படம் பிடிக்கக் கூடாது, சொன்னவர் அனுமதியின்றி வெளியே மேற்கோள் காட்டவும் கூடாது. வெளியிடாத முடிவை அச்சமின்றிப் பேசவைக்கத்தான் இந்தக் கட்டுப்பாடுகள். கேள்விக்கு இடம் தரும் இன்னொரு ஏற்பாடும் உண்டு: பெரிய மாநாடுகளில் இளம் ஆய்வாளர்கள் தங்கள் முடிவைச் சுவரொட்டியாக ஒட்டி விளக்கும் அமர்வு. தன் சுவரொட்டியின் பக்கத்தில் நிற்கும் மாணவியிடம், அந்தத் துறையின் மூத்தவர் வந்து, "இந்தப் படத்தில் ஒப்பீட்டுச் சோதனை எங்கே?" என்று கேட்கலாம். அந்த ஒரு கேள்வி மாணவியின் அடுத்த ஆறு மாத வேலையையே மாற்றிவிடலாம்.

கொரோனா காலத்தில் பல கூட்டங்கள் இணையத்துக்கு வந்தன. பயணச் செலவும் விசாவும் தடையாக இருந்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. அதை வரவேற்போம். ஆனால் கூட்டம் எங்கே நடந்தாலும், கேள்விக்கு ஒதுக்கும் நேரத்தைக் குறைக்காமல் காப்பாற்ற வேண்டும். பேசியவரை நம்பலாமா என்று துறை முடிவெடுப்பது அந்த நேரத்தில்தான்.